காலடியில் ஒரு தாளக்காரர்: வீட்டுப் பயிற்சிக்கு ட்றம் மெசினும் பெடலும்



சென்ற இதழில் சுருதிப் பெட்டியைப் பற்றி எழுதியபோது, "சுருதி சரி, தாளத்திற்கு என்ன செய்வது?" என்று பெற்றோர் சிலர் கேட்டிருந்தனர். நியாயமான கேள்வி. சங்கீத ஆசிரியை சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுக்கிறார். மிச்சம் ஆறு நாளும் பிள்ளை தனியே சாதகம் செய்ய வேண்டும். ஊரில் என்றால் அடுத்த வளவில் மிருதங்கம் பழகும் ஒருவராவது இருப்பார். திருவிழாக் காலங்களில் தவிற்சத்தம் கேட்டே பிள்ளைகளின் காதில் தாளம் ஊறிவிடும். இங்கே ரொறன்ரோவின் தொடர்மாடிகளில் அந்த வசதி இல்லை. நாம் வந்தபோது ஆளுக்கொரு பெட்டியோடு வந்தோம். அதற்குள் மிருதங்கம் வைத்துக் கொண்டுவந்தவர் எத்தனை பேர்?

நாம் சங்கீத வித்துவான் அல்லர். எமது தொழில் கணக்கு. பல்கலைக்கழக நாட்களில் மெல்லிசைக் குழுவொன்றில் கிற்றார் வாசித்த பழக்கமும், இரண்டு பிள்ளைகளை வாய்ப்பாட்டுக்கும் வயலினுக்கும் அனுப்பிவரும் அனுபவமுமே இந்தக் கட்டுரைக்கு முதல். ராகம், பாவம் பற்றிய கேள்விகளை ஆசிரியையிடமே கேளுங்கள். தாளம் எண்ணிக்கை சார்ந்தது என்பதால் அதில் மட்டும் வாய் திறக்கத் துணிந்தோம்.

ட்றம் மெசின் என்பது, நாம் சொல்லிவைத்த தாளக்கட்டைச் சொன்ன வேகத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெட்டி. இது நேற்று முளைத்த சங்கதியன்று. அமெரிக்காவின் வேர்லிற்சர் நிறுவனம் 1959இல் வெளியிட்ட 'சைட்மேன்' என்ற பெட்டி, வீட்டில் தனியாக ஓர்கன் வாசிப்பவருக்குத் துணையாகச் செய்யப்பட்டது. உள்ளே ஒரு தட்டுச் சுழன்று தொடுப்புகளைத் தொட, வால்வுகள் ஒலி எழுப்பின. 1980இல் றொஜர் லின் என்பவர் உண்மையான மேளங்களின் ஒலியையே பதிந்து வைத்த எல்.எம்.1 இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதே ஆண்டில் ஜப்பானின் றோலண்ட் நிறுவனத்தின் ரி.ஆர்.808 வந்தது. எமது இசைக்குப் பொருந்திய உறவினர் ஒருவரும் உண்டு: பெங்களூர் ராடெல் நிறுவனத்தின் 'தாள்மாலா' என்ற மின்னணுத் தபேலாப் பெட்டி. இன்று கைத்தொலைபேசியிலேயே இந்த வேலையைச் செய்யும் செயலிகள் பல இருக்கின்றன. எதை வைத்திருந்தாலும் இந்தப் பாடம் பொருந்தும்.

பெடல் எதற்கு? வயலின் பழகும் பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள். வில்லைக் கீழே வைக்க வேண்டும், குனிந்து பொத்தானை அழுத்த வேண்டும், மீண்டும் வில்லை எடுத்து நிமிர வேண்டும். அதற்குள் இரண்டு ஆவர்த்தனம் போய்விடும். இந்த உபத்திரவம் தாங்காமல், பிழைவிட்டாலும் நிறுத்தாமல் பிள்ளை பிழையோடேயே ஓடும். அல்லது நாலாம் நாள் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துவிடும். கீபோட், வீணை, கிற்றார் எல்லாவற்றிலும் இதே கதைதான். இரண்டு கையும் வேலையில் இருக்கின்றன. ஓய்வாக இருப்பது கால் ஒன்றே. மேள வாசிப்பில் காலுக்கு வேலை கொடுத்தது புதுமையுமன்று. மேற்கத்திய பெரிய மேளத்தைக் காலால் அடிக்கும் பெடலை வில்லியம் லட்விக் 1909இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். எமது இசை நாடக மேடைகளிலும் காலால் துருத்தி மிதித்து இரண்டு கையாலும் வாசிக்கும் ஆர்மோனியம் இருந்தது.

இந்த இடத்தில் வீட்டிலுள்ள அம்மம்மாமார் ஒரு கேள்வி கேட்பார்கள். எமது வீட்டிலும் கேட்டார்கள். "வாத்தியம் சரஸ்வதி. அதைக் காலால் மிதிக்கிறதோ?" இதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் பிள்ளைகளிடம் இன்னும் இருக்கிறதென்றால் அது இந்த அம்மம்மாமாரால்தான். எமது பதில் இதுதான்: நடனப் பிள்ளை சலங்கையைக் காலிலேதான் கட்டுகிறது, கட்டுமுன் அதை நடராசர் முன் வைத்து வணங்குகிறது. தாள இயந்திரத்தை ஒரு சிறு முக்காலியின்மேல் வையுங்கள். தரையில் இருப்பது ஒரு சுவிச் மட்டுமே. தையல் மெசினின் மிதிபலகைக்கும் ஆயுத பூசையன்று சந்தனம் வைக்கிறோம் அல்லவா? இதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டால் போயிற்று.

எந்தப் பெடல் வாங்குவது?

கடையில் போய் "பெடல்" என்று மட்டும் கேட்டால் எதையாவது தந்துவிடுவார்கள். கால் சுவிச்சில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கால் அழுத்தியிருக்கும்வரை மட்டும் தொடுப்புக் கொடுப்பது. வீட்டு வாசல் மணியின் பொத்தானைப் போன்றது. மற்றது, ஒருமுறை அழுத்தினால் அப்படியே நின்று, மறுமுறை அழுத்தினால் விடுவது. மின்விளக்குச் சுவிச்சைப் போன்றது. தாள இயந்திரங்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது வாசல் மணி வகையை. மற்ற வகையைச் செருகினால் இரண்டு முறை மிதித்தால்தான் ஒருமுறை வேலை செய்யும். பிள்ளை குழம்பும், மெசின் பழுது என்று நாமும் முடிவுகட்டிவிடுவோம்.

ஆனால் கடைக்குப் போகுமுன் வீட்டைத் தேடுங்கள். கீபோட் வைத்திருக்கும் வீடுகளில், ஒலியை நீட்டுவதற்கென்று கீபோட்டோடு வாங்கிய பெடல் ஒன்று எங்காவது தூசி படிந்து கிடக்கும். அது வாசல் மணி வகையே. செருகி 6.35 மில்லிமீற்றர் அளவில் இருந்தால், கால் சுவிச்சுக்கு இடமுள்ள இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் பொருந்தும். அழுத்தும்போது நடக்க வேண்டியது காலை எடுக்கும்போது நடக்கிறதென்றால் பெடல் பழுதில்லை. சில நிறுவனங்களின் பெடல் அழுத்தினால் தொடுப்பு மூடும், சிலவற்றினது திறக்கும். சில பெடல்களின் அடியில் இதை மாற்றும் சிறு சுவிச் உண்டு. சில இயந்திரங்களோ மின்சாரம் போடும் நேரத்தில் பெடலைச் சோதித்துத் தாமே சரிசெய்துகொள்ளும். ஆகவே பெடலைச் செருகிய பிறகே இயந்திரத்தைப் போடுங்கள். அப்போது காலைப் பெடலின்மேல் வைத்திருக்க வேண்டாம்.

1990களின் தொடக்கத்தில் வந்த அலெசிஸ் எஸ்.ஆர்.16 என்ற பெட்டி இப்போதும் பழைய பொருட் கடைகளில் அகப்படும். அதன் பின்புறத்தில் இரண்டு பெடல் துளைகள் இருக்கின்றன: ஒன்று தொடங்க, நிறுத்த, மற்றது ஒரு தாளக்கட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற. பெடலும் இயந்திரமும் ஒன்றேயாகிய 'பீற் படி' என்ற பொருள் 2014 அளவில் வந்தது. ஒருமுறை மிதித்தால் தொடங்கும், நடுவில் மிதித்தால் ஒரு தீர்மானம் போலச் சிறு நிரவல் வாசிக்கும், இருமுறை மிதித்தால் முடிக்கும். வசதியானதுதான், ஆனால் பழகும் பிள்ளைக்கு அவ்வளவு செலவு தேவையென்று நாம் நினைக்கவில்லை. கைத்தொலைபேசிச் செயலி பாவிப்பவர்கள், இசைத்தாள் புரட்டுவதற்கென்று விற்கும் புளூரூத் பெடலைப் பாவிக்கலாம். வாங்குமுன் செயலி அதை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒலியை மட்டும் கம்பி வழியாகவே கேளுங்கள். புளூரூத் காதொலிப்பானில் ஒலி சற்றுப் பிந்தி வரும். கால் மிதித்த கணத்துக்கும் காது கேட்ட கணத்துக்கும் இடையில் வித்தியாசம் இருந்தால் பிள்ளைக்குத் தன் காலில் நம்பிக்கை போய்விடும்.

எங்கே வைப்பது?

கீபோட், கிற்றார் பிள்ளைகள் கதிரையில் இருப்பவர்கள். குதி தரையில் ஊன்ற, விரற்பக்கம் பெடலில் இருக்கும்படி வைத்தால் போதும். சிக்கல் எமது முறையில் சப்பாணி கட்டி இருப்பவர்களுக்குத்தான். கர்நாடக வயலின் பிள்ளையின் வலது பாதத்தின்மேல் வயலினின் தலை ஊன்றியிருக்கிறது. அந்தக் கால் அசைந்தால் வாத்தியமே அசையும். ஆகவே தட்டையான பெடலாகப் பார்த்து, இடது முழங்காலுக்குக் கீழே, ஒரு மெல்லிய பலகையில் ஒட்டி வையுங்கள். முழங்காலைச் சற்றே தாழ்த்தினால் அழுந்தும். வாய்ப்பாட்டுப் பிள்ளைக்கு வலது கை தாளம் போட, இடது கை சும்மாதான் இருக்கிறது. பெடலை இடது கைப் பக்கம் வைத்துப் புறங்கையால் தட்டினாலும் பிழையில்லை. பெயர்தான் கால் பெடல். பலகைக்கு அடியில் இறப்பர் விரிப்பு ஒன்று போடாவிட்டால் அது வழுக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடும்.

தாளத்தை அமைத்தல்

இயந்திரத்தோடு வரும் ஆயத்தத் தாளக்கட்டுகளை விட்டுவிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை மேற்கத்திய ஜனரஞ்சக இசைக்கானவை. நாலில் இரண்டாம், நாலாம் அடிகளில்தான் ஓங்கி அறையும். இங்கே பிறந்த எமது பிள்ளைகளின் காது ஏற்கெனவே அதற்குப் பழகியிருக்கிறது. ஆதி தாளத்தில் தட்டு விழுவது 1, 5, 7 ஆகிய இடங்களில். ஆகவே 8 அட்சரத்துக்கு ஒரு வெறும் தாளக்கட்டை நீங்களே அமையுங்கள்: சமத்துக்குக் கனத்த ஒலி ஒன்று, 5க்கும் 7க்கும் நடுத்தர ஒலி ஒன்று, மற்ற இடங்களுக்கு மெல்லிய குச்சிச் சத்தம். நாலு அடிக்கு மேல் ஒரு கட்டில் அடங்காத இயந்திரமென்றால் நாலு நாலாக இரண்டு கட்டு. ரூபகத்துக்கு 3, கண்ட சாபுக்கு 2ம் 3மாக 5, மிஸ்ர சாபுக்கு 3ம் 4மாக 7. அலங்காரம் பாடும் பிள்ளைக்குத் துருவ தாளத்தின் 14 அட்சரத்தையும் 4, 2, 4, 4 என்று பிரித்து அமைத்துக் கொடுத்தால், எண்ணத் தடுமாறும் பிள்ளையும் இரண்டு வாரத்தில் நிமிர்ந்துவிடும். முக்கியமானது ஒன்று: ஒரு தாளக்கட்டு என்பது சரியாக ஓர் ஆவர்த்தனமாக இருக்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

வேகத்தை இலக்கம் பார்த்துப் போடாமல், பிள்ளையைப் பல்லவியை ஒருமுறை பாடச் சொல்லி, அந்தக் காலப்பிரமாணத்தையே காலால் நாலு முறை தட்டி இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுங்கள். இவ்வாறு தட்டி வேகம் சொல்லும் வசதி பல இயந்திரங்களில் உண்டு. பாட்டுக்கு இயந்திரம் ஒத்துவர வேண்டும்.

நிறுத்துவது வேறு, மௌனமாக்குவது வேறு

இதுவரை சொன்னதெல்லாம் முன்னுரை. பெடலை வாங்கச் சொன்னதே இந்தப் பகுதிக்காகத்தான்.

கணக்கியல் படித்தவர்களுக்கு வங்கிக் கணக்கிணக்கக் கூற்று நினைவிருக்கும். கம்பனி தன் காசேட்டைத் தானே எழுதுகிறது. மாத முடிவில் வங்கி அனுப்பும் கூற்றோடு ஒப்பிடுகிறது. இரண்டும் தனித்தனியே எழுதப்பட்டவை என்பதால்தான் ஒப்பீட்டுக்குப் பெறுமதி இருக்கிறது. வங்கிக் கூற்றைப் பார்த்தே காசேட்டை எழுதினால் இரண்டும் எப்போதும் சதம் பிசகாமல் பொருந்தும். ஆனால் எதையும் காட்டாது. தாள இயந்திரத்தைத் தொடர்ந்து ஓடவிட்டு அதோடு ஒட்டிக்கொண்டே பாடும் பிள்ளை செய்வது இதைத்தான். கேட்பவருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். பெட்டியை அணைத்ததும் பிள்ளை ஓடத் தொடங்கிவிடும்.

ஆகவே பிள்ளை தன் ஏட்டைத் தானே எழுத வேண்டும். அதற்கு இயந்திரம் சத்தமில்லாமல், ஆனால் எண்ணிக்கை விடாமல் ஓட வேண்டும். நிறுத்தும் பெடல் இதற்கு உதவாது. நிறுத்தினால் எண்ணிக்கையும் போய்விடும். மீண்டும் மிதிக்கும்போது பிள்ளை நிற்கும் இடத்தில் அது சமம் போட்டுத் தொடங்கும். பிள்ளை ஓடியிருந்தாலும் பிந்தியிருந்தாலும் தெரியாது.

மௌனமாக்க இரண்டு வழி. தாளக்கட்டு மாற்றும் பெடல் இருந்தால், முதற்கட்டில் ஆதி தாளத்தையும் இரண்டாம் கட்டில் ஒன்றுமில்லாத 8 அட்சரத்தையும் அமையுங்கள். மிதித்தால் வெறும் கட்டுக்குப் போகும், மறுபடி மிதித்தால் திரும்பும். பெரும்பாலான இயந்திரங்கள் நடக்கும் கட்டு முடிந்த பின்னரே மாறும். ஒரு கட்டு ஓர் ஆவர்த்தனமாக இருக்க வேண்டுமென்று சொன்னது இதற்காகத்தான். மிதிப்பதும் சமத்துக்கு முன்னரே, 5க்கும் 8க்கும் இடையில் நடந்துவிட வேண்டும். சமம் வருமுன் சமத்தை நினைக்கும் பழக்கம் இதனால் தானாக வருகிறது.

இரண்டாவது வழி இன்னும் எளியது. கிற்றார்க்காரர் பாவிக்கும் வொலியூம் பெடல் ஒன்றை இயந்திரத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒலிக் கம்பியில் செருகுங்கள். குதியை அழுத்தினால் ஒலி மறையும், விரற்பக்கம் அழுத்தினால் திரும்பும். உள்ளே எண்ணிக்கை ஓடிக்கொண்டேயிருக்கும். பெடல் துளையே இல்லாத பழைய பெட்டிக்கும் தாள்மாலாவுக்கும், ஒலி வெளியே எடுக்கத் துளை இருந்தால், இது பொருந்தும். இதே தோற்றத்தில் 'எக்ஸ்பிரஷன்' பெடல் என்றொன்றும் விற்கிறார்கள். அதனூடாக ஒலி போகாது, மாறி வாங்கிவிட வேண்டாம்.

பயிற்சி இப்படி. வேகம் 60, அதாவது செக்கனுக்கு ஓர் அட்சரம். ஓர் ஆவர்த்தனம் 8 செக்கன். சரளி வரிசையை முதற் காலத்தில் இரண்டு ஆவர்த்தனம் ஒலியோடும் ஓர் ஆவர்த்தனம் மௌனத்திலும் பாடட்டும். ஒலி திரும்பும்போது பிள்ளையின் சமமும் பெட்டியின் சமமும் ஒன்றாக விழுந்தால் இரண்டுக்கு இரண்டு, பிறகு நாலுக்கு நாலு. காலம் மாற்றும் இடத்தை மௌனத்துக்குள் வரும்படி வையுங்கள். பிழை ஒளிந்திருக்கும் இடம் அதுதான்.

பொருந்தாவிட்டால் எவ்வளவு என்று பாருங்கள். நாலு ஆவர்த்தன மௌனம் 32 அட்சரம். முடிவில் பிள்ளை அரை அட்சரம் முந்தி வந்தால் அதன் வேகம் 60இலிருந்து கிட்டத்தட்ட 61 ஆகியிருக்கிறது. நூற்றுக்கு ஒன்றரைதானே என்று விட வேண்டாம். அதே வேகத்தில் 5 நிமிடக் கீர்த்தனை பாடினால் முடிவில் ஏறக்குறைய 5 அட்சர வித்தியாசம். ஒரு கொப்பியில் திகதி போட்டு 'முந்தியது', 'பிந்தியது' என்று இரண்டு நிரல் கீறி எழுதிவாருங்கள். இரண்டு வாரத்தில் பிள்ளையின் குணம் தெரியும். எமது வகுப்பில் பார்த்தவரையில், தெரிந்த வரிசையில் ஓடும் பிள்ளைகளே அதிகம். கடினமான பிரயோகத்தில் பிந்துபவர்கள் அடுத்தபடி. ஒரே பிள்ளை இரண்டையும் செய்து, முடிவில் சரியான இடத்திற்கு வந்து சேர்வதும் உண்டு. ஒன்றையொன்று ஈடுசெய்யும் வழுக்கள் என்று கணக்காய்வில் நாம் தேடித் திரிவது இதைத்தான். மௌனத்தை ஓர் ஆவர்த்தனமாகக் குறைத்தால் அது வெளிப்படும்.

அந்தக் கொப்பியைப் பிள்ளையே எழுதட்டும். தாயோ தகப்பனோ பக்கத்தில் இருந்து "முந்திவிட்டாய், முந்திவிட்டாய்" என்று சொல்லத் தொடங்கினால் பிள்ளை வயலினையே வெறுத்துவிடும். பெட்டி ஏசுவதில்லை, மற்றப் பிள்ளையோடு ஒப்பிடுவதுமில்லை.

அரங்கேற்றம் நெருங்கும் வீடுகளுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் பெருந்தொகை செலவழிக்கிறோம். மிருதங்க வித்துவான் விமானத்தில் வந்து இறங்குவது பல வீடுகளில் ஒரு வாரத்துக்கு முன்னர்தான். வருடம் முழுதும் இயந்திரத்தோடு மட்டும் பாடிய பிள்ளை அந்த வாரத்தில் திணறுகிறது. வித்துவான் பாட்டைக் கேட்டு வாசிப்பவர். சங்கதிக்கு இடம்விடுவார், நிரவலில் எதிர்த்துப் போவார், தீர்மானத்தில் மிரட்டுவார். இயந்திரம் எதையும் கேட்பதில்லை. எமது நாதஸ்வரக் குழுவில் தவிற்காரர் இருவர் மோதிக்கொள்ளும்போது, பக்கத்தில் நின்று எதையும் பாராமல் சிங்கியைத் தட்டிக்கொண்டிருப்பாரே தாளக்காரர், அவர் இடம்தான் இந்தப் பெட்டிக்கு. தவிற்காரரின் இடத்தை அதற்குக் கொடுக்க வேண்டாம். அரங்கேற்றத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது மௌனம் ஒலியைவிட அதிகமாக இருக்கட்டும். கடைசி மாதம், பாட்டின் தொடக்கத்தில் இரண்டு ஆவர்த்தனமும் முடிவில் ஒன்றும் ஒலித்தாலே போதும். அதற்கிடையில் இங்குள்ள மிருதங்க மாணவர் ஒருவரைக் கூப்பிட்டு வாரம் ஒருநாள் சேர்ந்து பழகவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கும் பாடுபவர் ஒருவர் தேவைதான்.

தொடர்மாடியில் இருப்பவர்கள் கனத்த ஒலியைக் குறைத்து வையுங்கள். குச்சிச் சத்தத்தைவிட அதுதான் கீழ்வீட்டுக் கூரைக்குப் போகும். பெடலை மிதிக்கும் சத்தமும் போகும். அதனால் சப்பாத்தோடு மிதிக்க வேண்டாம்.

வீட்டிலுள்ள பெடல் எந்த வகையென்று தெரியாதவர்கள் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மண்டபத்துக்குக் கொண்டுவாருங்கள், சோதித்துப் பார்க்கலாம். பிள்ளைகளுக்காக இதன் சுருக்கம் ஆங்கிலப் பக்கத்தில் இருக்கிறது.